பிளஃபர்ஸ் பார்க்: ஜூலை ஞாயிறு, 14 பேர், வோக்கரோட அம்மம்மா. எப்பிடித் திட்டம் போடலாம்?

கீரிமலைக்காத்து (கேள்வி)

வணக்கம். ஜூலையிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோ ஸ்காபரோவிலை ஒன்ராறியோ ஏரியோரம் உள்ள பிளஃபர்ஸ் பார்க்குக்குப் போக யோசிக்கிறம். மூண்டு காரிலை 14 பேர். அதிலை அம்மம்மாவுக்கு 81 வயது, வோக்கர் இல்லாமல் நடக்க ஏலாது. 3 வயதிலையும் 5 வயதிலையும் ரண்டு சின்னப் பிள்ளையள். அங்கேயே கரியடுப்பு வைச்சுக் கோழி சுடுறதாய்க் கதை. பிள்ளையளை ஏரியிலை இறக்கவும் விருப்பம். மேலை இருந்து வெள்ளை மலையையும் பாக்கவேணும் எண்டு அம்மா சொல்லுறா.

எத்தினை மணிக்குப் போனால் கார் விட இடம் கிடைக்கும்? பெர்மிற் எடுக்கவேணுமோ? தண்ணி பிள்ளையளுக்குப் பாதுகாப்போ? அம்மம்மாவை எங்கை இருத்தலாம்? தெரிஞ்சவை விவரமாய் எழுதுங்கோ.

பிறிம்லிச்சந்தி

முதலிலை முகவரி. ஜிபிஎஸ்ஸிலை "ஸ்காபரோ பிளஃப்ஸ் பார்க்" எண்டு அடிக்காதேங்கோ. அந்தப் பேரிலை இருக்கிறது மேலை, அண்டர்கிளிஃப் டிரைவ் பக்கத்திலை உள்ள வேறை பூங்கா. அங்கை நிண்டு கீழை பாத்தால் படகுத்துறையும் கடற்கரையும் கைக்கெட்டுற தூரத்திலை மாதிரித் தெரியும், ஆனால் கீழை இறங்க வழி இல்லை. கனபேர் குளிர்பெட்டியும் பாயுமாய் அங்கை போய் இறங்கி, வேலியோரம் வழி தேடுறதைக் காணலாம். உங்களுக்கு வேண்டியது "1 பிறிம்லி றோட் சவுத்". கிங்ஸ்ரன் றோட்டும் பிறிம்லியும் சந்திக்கிற விளக்கிலை தெற்குப் பக்கம் திரும்பினால் அந்த வீதி நேரை ஏரிக்குத்தான் இறங்கும்.

உள்ளுக்குப் போறதுக்கும் வாறதுக்கும் அந்த ஒரே வீதிதான். உந்தப் பார்க்கிலை நடக்கிற முக்கால்வாசிப் பிரச்சினைக்குக் காரணம் அதுதான். வெயில் நல்லாய் அடிக்கிற ஞாயிறு எண்டால் காலமை பத்து, பதினொண்டுக்குள்ளை தரிப்பிடங்கள் நிரம்பிப்போடும். நிரம்பினால் கிங்ஸ்ரன் றோட் சந்தியிலேயே மறிச்சு, வாற கார்களைத் திருப்பி விடுவினம். அப்ப உங்கட முதல் கார் உள்ளை, மற்ற ரண்டும் வெளியிலை எண்டு ஆகும். அடுப்பு ஒண்டிலை, கோழி மற்றதிலை. அதாலை மூண்டு காரும் சேந்து போங்கோ, காலமை 9 மணிக்கு முதல் உள்ளை நில்லுங்கோ. முடிஞ்சால் எட்டரை.

உள்ளை போனால் தரிப்பிடம் ஒண்டில்லை, கன இடத்திலை பிரிச்சுப் பிரிச்சு இருக்கு. மேற்குப் பக்கத்திலை உள்ளது படகு இறக்கிறவைக்கும் மரீனாவுக்கும் கிட்ட. ட்ரெயிலருக்கு எண்டு கோடு போட்ட நீள இடத்திலை கார் விட்டால் ரிக்கற் கட்டாயம். மணல் கடற்கரை கிழக்குக் கடைசியிலை. நீங்கள் நேரை கிழக்குக் கடைசித் தரிப்பிடத்துக்குப் போங்கோ. முதல் கண்ட இடத்திலை விட்டால் சாமான் தூக்கிக்கொண்டு நீள நடக்கவேணும், அது அம்மம்மாவாலை ஏலாது. கட்டண விவரம் பலகையிலை போட்டிருக்கும். பாத்துக் கட்டி, எந்த மணி மட்டும் எண்டதைப் ஃபோனிலை படம் எடுத்து வையுங்கோ.

ஒரு புல்லுக்கரை, நடைபாதை விளிம்பு எண்டு இடம் கண்டு காரை ஏத்தாதேங்கோ. அம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் அதாலைதான் போகவேணும். மலையிலை ஏறி மாட்டுப்பட்டவையை இறக்கத் தீயணைப்புப் படை உந்த இடத்துக்கு அடிக்கடி வாறது.

திரும்பி வரேக்கையும் யோசிக்கவேணும். பின்னேரம் அஞ்சிலிருந்து ஏழு வரை எல்லாரும் ஒரே நேரம் கிளம்புவினம், ஏத்தத்திலை கார் நிண்டு நிண்டு போகும். ஒண்டில் மூண்டரைக்கு வெளிக்கிடுங்கோ, இல்லாட்டி ஏழரை தாண்டி. இறங்கேக்கை சாய்வு கடுமை. முழுக்காரும் சாமானுமாய் போறபடியால் பிரேக்கை அமத்திக்கொண்டே போகாமல் கியரைக் குறைச்சு விடுங்கோ.

பஸ்காரன்12

பிறிம்லிச்சந்தி அண்ணை சொன்னதோடை ஒண்டு. 14 பேரும் காரிலைதான் வரவேணும் எண்டில்லை. கோடையிலை சனி, ஞாயிறு, விடுமுறை நாளிலை ரிரிசியின் (ரொறன்ரோ நகரப் போக்குவரத்தின்ரை) 175 பஸ் பூங்காவுக்குள்ளேயே வந்து இறக்கும். இளம் பெடியள் நாலைஞ்சு பேர் அதிலை வந்தால் ஒரு கார் குறையும். கிழமை நாளிலை எண்டால் கிங்ஸ்ரன் றோட்டாலை போற 12 பஸ்ஸிலை பிறிம்லியிலை இறங்கி நடக்கவேணும். மணலுக்குப் போய்ச்சேர ஏறக்குறைய ரண்டு கிலோமீற்றர். இறங்கிறது சுகம், பின்னேர வெயிலிலை ஏறுறது வேறை கதை. தள்ளுவண்டியோடை உந்த நடை வேண்டாம். 175 கடைசியாய் எத்தினை மணிக்கு வெளிக்கிடுது எண்டதைப் போறதுக்கு முதலே பாத்து வையுங்கோ.

கரியடுப்பு

பெர்மிற்: ரொறன்ரோவிலை 25 பேருக்கு மேலை கூடினால்தான் எடுக்கவேணும். 14 பேருக்குத் தேவையில்லை. ஆனால் பிக்னிக் இடங்கள் சிலதுக்கு இலக்கம் போட்டிருக்கும். அந்த இடத்தை வேறை ஆக்கள் பெர்மிற் எடுத்து வைச்சிருந்தால், அவை கடுதாசியோடை வரேக்கை நீங்கள் எழும்பத்தான் வேணும். அடுப்பு மூட்டின பிறகு எழும்புறது சரியான கரைச்சல். இலக்கம் இல்லாத மேசையாய்ப் பாருங்கோ.

அடுப்பை மணலுக்குக் கொண்டு போகாதேங்கோ. பிக்னிக் புல்லுவெளியிலை வையுங்கோ. காரணம் இதுதான்: மணலிலை விழுந்த கரித்துண்டு மேலை ஆறின மாதிரித் தெரியும், உள்ளை மணிக்கணக்கிலை சூடாய்க் கிடக்கும். மண்ணாலை மூடி விட்டால் இன்னும் மோசம். வெறுங்காலோடை ஓடுற பிள்ளைக்கு அது தெரியாது. மரத்துக்குக் கீழையும் வேண்டாம். நிலத்திலை நேரை நெருப்பு மூட்டுறது எங்கேயும் அனுமதியில்லை. காலுள்ள அடுப்பு வேணும்.

இனி அளவு. 14 பேரிலை ரண்டு சின்னது, ஒரு வயதாள். ஆளுக்கு ரண்டு எண்டு கணக்குப் பாத்து 28 கோழிக்கால். 18 அங்குல வட்ட அடுப்பிலை ஒருக்கா 10, 12 துண்டுதான் நெருக்காமல் வைக்கலாம். நெருக்கினால் தோல் அவியும், சுடுபடாது. ஒரு தடவைக்கு மூடியோடை 35 முதல் 40 நிமிஷம். ஒரு அடுப்பெண்டால் மூண்டு தடவை, ரண்டு மணித்தியாலம் போயிடும், கடைசி ஆள் சாப்பிடேக்கை முதல் ஆளுக்குத் திரும்பப் பசிக்கும். ரண்டு அடுப்புக் கொண்டு போங்கோ.

கரி: கட்டிக்கரி எண்டால் ஒரு அடுப்புக்கு ஒரு சிம்னி (கரி மூட்டுற தகரக் குழாய்) நிறையப் போதும், அது ரண்டேகால் கிலோ மட்டில் வரும். ரண்டு அடுப்பு, ரண்டாம் தடவைக்குக் கொஞ்சம் சேக்க எண்டு 7 கிலோ பை ஒண்டு தாராளம். கரி மூட்ட விக்கிற, மண்ணெண்ணெய் மாதிரி இருக்கிற அந்தத் திரவத்தை ஊத்தாதேங்கோ, ஏரிக்காத்திலை சுவாலை பக்கவாட்டுக்குப் போகும், கோழியிலையும் மணக்கும். சிம்னிக்குக் கீழை ரண்டு தாள் கசக்கி வைச்சு மூட்டினால் 15, 20 நிமிஷத்திலை மேல்கரியும் சாம்பல் பூக்கும். அதுக்குப் பிறகுதான் கொட்டவேணும். கறுப்பு மாறமுதல் இறைச்சியை வைக்கிறதாலைதான் வெளியிலை கருகி உள்ளை சிவப்பாய் இருக்கிறது. கரியை அடுப்பின்ரை ஒரு பக்கத்துக்கு ஒதுக்கி, துண்டுகளை முதல் 25 நிமிஷம் மற்றப் பக்கத்திலை மூடியோடை வேகவிட்டு, கடைசியிலை கரிக்கு மேலை கொண்டு வந்து நிறம் எடுங்கோ. எலும்புக்குக் கிட்ட வெப்பமானியைக் குத்திப் பாத்தால் 74 பாகை காட்டவேணும். 20 டொலருக்குள்ளை ஒரு வெப்பமானி வாங்கலாம். வெட்டிப் பாக்கிறதை விட அது நம்பிக்கை.

எங்கட ஆக்களின்ரை ஊறவைக்கிற முறையிலை ஒரு கவனம். மிளகாய்த்தூள், உள்ளி, இஞ்சி, தேசிப்புளி, தயிர் எல்லாம் சரி. சீனியோ கெச்சப்போ சேந்தால் நேரடி நெருப்பிலை அஞ்சு நிமிஷத்திலை கருகும். அதுகளைக் கடைசி அஞ்சு நிமிஷத்திலை மேலை பூசுங்கோ. தேசிப்புளியும் இரவு முழுக்க ஊறினால் இறைச்சி மா மாதிரிப் போகும், சுடுறதுக்குக் கொஞ்சம் முதல் பிழிஞ்சால் காணும். ஊறவைச்சதைப் பையிலை தட்டையாய்ப் போட்டு சனி இரவு ஃபிறிசரிலை வையுங்கோ. ஞாயிறு காலமை குளிர்பெட்டியிலை அதுவே பாதி ஐஸ் வேலையைச் செய்யும். பச்சை இறைச்சிக்கு ஒரு பெட்டி, சோடாவுக்கும் தண்ணிக்கும் வேறை பெட்டி. சோடாப் பெட்டியைப் பிள்ளையள் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்காத் திறப்பினம், குளிர் நிக்காது.

முடிய, சாம்பல். இதிலைதான் கூடப் பிழை விடுறது. ஒரு வாளி தண்ணி எடுத்து வைச்சு, கரியிலை ஊத்தி, கம்பியாலை கிண்டி, திரும்ப ஊத்தவேணும். சத்தமும் புகையும் நிண்டு, கையை மேலை பிடிச்சால் சூடு தெரியாமல் இருக்கவேணும். சூடான கரிக்கு எண்டு இரும்புத் தொட்டி இருந்தால் அதுக்குள்ளை. பிளாஸ்ரிக் குப்பைத்தொட்டிக்குள்ளை போட்டால் அது உருகி, குப்பையும் பத்தும். புல்லிலை கொட்டினால் அந்த வட்டம் கருகிப்போகும், பிறகு வாறவைக்கு அதுதான் மிச்சம்.

காஸ் அடுப்பெண்டால் சாம்பல் வேலை இல்லை. ஆனால் வெறுமையான சின்னச் சிலிண்டரை அங்கை உள்ள தொட்டியிலை போடாதேங்கோ, மறுசுழற்சிக்கான நீலத்தொட்டியிலும் வேண்டாம். வீட்டை கொண்டுவந்து, அபாயக் கழிவு எடுக்கிற நகர நிலையத்திலை குடுக்கவேணும்.

ஏரிக்கரை

தண்ணியைப் பற்றி நான் எழுதுறன். பிள்ளையள் எண்டபடியால் கொஞ்சம் நீளும்.

ரொறன்ரோவிலை ஒவ்வொரு நாளும் கடற்கரைத் தண்ணியிலை ஈ-கோலை கிருமி பாக்கினம். 100 மில்லிலீற்றர் தண்ணியிலை 100 க்கு மேலை போனால் "நீந்தவேண்டாம்" எண்டு பலகை மாறும். ஒன்ராறியோ மாகாணத்தின்ரை அளவு 200, அதை விட ரொறன்ரோ இறுக்கமாய் வைச்சிருக்கு. ஆனால் ஆய்வுகூடத்திலை கிருமி வளர்ந்து எண்ண ஒரு நாள் எடுக்கும். அதாவது இண்டைக்குப் பலகையிலை இருக்கிறது நேற்று எடுத்த தண்ணியின்ரை கதை. சனிக்கிழமை இடியோடை பெருமழை பெய்ஞ்சு, ஞாயிறு காலமை பலகை நீந்தலாம் எண்டு காட்டினாலும் நம்பி இறக்காதேங்கோ. பெருமழைக்குப் பிறகு 48 மணித்தியாலம் விடுறது நல்லது. வீதியிலை கிடந்த அழுக்கு முழுக்க ஏரிக்குத்தான் வரும். சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் குடுக்கிற நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை எண்டது உண்மை, அது அந்தந்த நாள் பலகையைப் பாக்காமல் விடலாம் எண்ட பொருளில்லை.

கடற்பறவைக்கும் வாத்துக்கும் பாண் போடாதேங்கோ. பாண் போட்ட இடத்திலை அதுகள் கூடும், எச்சம் தண்ணிக்கரையிலை விழும், அடுத்த நாள் எண்ணிக்கை ஏறும். இன்னும் டயப்பர் கட்டுற பிள்ளை எண்டால் நீச்சல் டயப்பர் தனிய வாங்குங்கோ, சாதாரணத்தது தண்ணியை உறிஞ்சிக் கனத்துப்போடும்.

அடுத்தது குளிர். ஜூலை மாதம், வெளியிலை 32 பாகை, தண்ணியும் சூடாய் இருக்கும் எண்டு நினைப்பீங்கள். எப்பவும் அப்பிடி இல்லை. மேற்குக் காத்து ரண்டு மூண்டு நாள் விடாமல் அடிச்சால் தண்ணி திடீரெண்டு ஐஸ் மாதிரிக் குளிரும். என்ன நடக்குதெண்டால், பூமி சுழலுறபடியால் மேல்தண்ணி காத்துப் போற திசைக்கு வலப்பக்கமாய்த் தள்ளுப்படும். மேற்கிலிருந்து கிழக்குக்குப் போற காத்துக்கு வலப்பக்கம் தெற்கு. அதாவது எங்கட வடகரையிலிருந்து சூடான மேல்தண்ணி ஏரி நடுவுக்குப் போக, அடித்தண்ணி மேலை வரும். 20 பாகையிலை இருந்த தண்ணி ஒண்டு ரண்டு நாளிலை 10 க்குக் கிட்ட இறங்கும். கிழக்குக் காத்து அடிச்சால் மாறி, சூடான தண்ணி எங்கட பக்கம் சேரும், ஆனால் அலை கூடும்.

அந்தக் குளிர்ந்த நாளிலை தண்ணி பாக்கச் சரியான வடிவாய் இருக்கும். அலை இல்லை, அடி தெரியும், பச்சை நீலம். வடமேற்குக் காத்தெண்டால் மலை மறைக்கிறதாலை கரையிலை காத்தே தெரியாது. ஆனால் இருபது முப்பது மீற்றர் தள்ளிப் போனவுடனை காத்துப் பிடிச்சு, வெளியை தள்ளும். காத்தடிச்ச வளையம், மிதக்கிற மெத்தை, பிளாஸ்ரிக் வாத்து எல்லாம் அதிலைதான் போறது. பிள்ளை அதிலை இருந்தால் பிள்ளையும் போகும். பெரியவர் பிடிக்கப் பின்னாலை நீந்தினால், பத்துப் பாகைத் தண்ணியிலை சில நிமிஷத்திலை கை கால் சொல்வழி கேளாது. அதாலை மிதவை விளையாட்டுச் சாமான் ஒண்டும் கொண்டு போகாதேங்கோ. பிள்ளையள் ரண்டுக்கும் அளவான உயிர்காப்பு அங்கி மட்டும், அதுவும் கவட்டுப் பட்டி உள்ளது. பட்டி இல்லாட்டித் தண்ணியிலை அங்கி மேலை கிளம்பி முகத்தை மறைக்கும்.

உயிர்காப்பாளர்கள் ஜூன் தொடக்கம் லேபர் டே (செப்டெம்பர் முதல் திங்கள்) மட்டும் நிப்பினம், ஆனால் காலமை வெள்ளென இல்லை. நீங்கள் எட்டரைக்குப் போய்ச்சேந்தால் அவை வாறதுக்கு முதல் பிள்ளையளை இறக்கவேண்டாம். அவை கதிரையிலை ஏறின பிறகு, அந்தக் கதிரைக்கு நேரை உள்ள இடத்திலை மட்டும். பெரியாக்களுக்குள்ளை ஆர் இந்த அரைமணி பிள்ளையளைப் பாக்கிறது எண்டு பேர் சொல்லிப் பொறுப்புக் குடுங்கோ. 12 பெரியாக்கள் நிக்கிற இடத்திலை மற்றவர் பாக்கிறார் எண்டு எல்லாரும் நினைக்கிறதுதான் ஆபத்து.

கீரிமலைக்காத்து

ஏரிக்கரை அக்கா, கரியடுப்பு அண்ணை, இவ்வளவு விவரத்துக்கு நன்றி. மிதவை வளையம் ரண்டு ஏற்கெனவே வாங்கியாச்சு, திருப்பிக் குடுக்கிறன். அம்மம்மா பற்றி ஆரும் சொல்லேல்லை. மணலிலை வோக்கர் போகுமோ? மற்றது மேலை இருந்து மலை பாக்கிற இடம்?

மண்படை

மணலிலை வோக்கர் போகாது. சின்னச் சில்லு புதையும், இழுத்தால் ஆள் முன்னாலை சாயும். கடற்கரையிலை நிழலும் இல்லை. பார்க்குக்குள்ளை படகுத்துறை, குளம் பக்கத்தாலை தளம் போட்ட பாதை இருக்கு, வாங்கும் மரமும் இருக்கு, அங்கை அம்மம்மா இருக்கலாம். ஆனால் உங்கட ஆக்கள் மணலிலும் அடுப்படியிலும் பிரிஞ்சு நிக்க, அவ தனிய இருக்கிற மாதிரி வரும். பாயும் அடுப்பும் பாதையோரமாய்ப் போட்டு, மணலுக்கு இளம் ஆக்கள் போய்வாற மாதிரி ஒழுங்கு செய்யுங்கோ. கை பிடிக்கிற, முதுகு நிமிர்ந்த கதிரை ஒண்டு வீட்டிலிருந்து கொண்டு போங்கோ. மடிக்கிற தாழ்வான கடற்கரைக் கதிரையிலிருந்து அவவாலை எழும்ப ஏலாது.

மேலை இருந்து பாக்கிறதுக்கு என்ரை தெரிவு றொசெற்றா மக்லெயின் தோட்டம். கிங்ஸ்ரன் றோட்டும் கிளென் எவரெஸ்ற் றோட்டும் சந்திக்கிற இடம், பிளஃபர்ஸிலிருந்து காரிலை பத்து நிமிஷத்துக்குள்ளை. பாதை முழுக்கச் சமதளம், தளம் போட்டது, ரோசாப் பாத்தி, உயர்த்திக் கட்டின பூப்பாத்தி, அடிக்கடி வாங்கு. தெற்குக் கரையிலை வேலிக்குப் பின்னாலை நிண்டு முழு ஏரியையும் பாக்கலாம். நாய் கொண்டு போகேலாது, அதாலை வயதானவை பயமில்லாமல் நடக்கலாம். தரிப்பிடம் சின்னது. காலமை எட்டு மணிக்கு முதல் அம்மம்மாவையும் அம்மாவையும் அங்கை கூட்டிக்கொண்டு போய், பிறகு கீழை இறங்கினால் ரண்டும் நடக்கும். இல்லாட்டி அவை ரண்டு பேரும் ஒரு காரிலை பின்னேரம் வெள்ளென வெளிக்கிட்டு அங்கை போய் இருக்கட்டும்.

மலையின்ரை படம் எடுக்கிறதெண்டால் காலமைதான். கரை தென்கிழக்கைப் பாத்தபடி இருக்கிறதாலை விடியலிலை வெயில் மலை முகப்பிலை நேரை விழும், அப்பத்தான் படை படையாய்த் தெரியும். பின்னேரம் மலைக்குப் பின்னாலை சூரியன் போய், எல்லாம் சாம்பல்.

நீங்கள் வெள்ளை மலை எண்டீங்கள். அது மலையும் இல்லை, கல்லும் இல்லை. பனியுக ஆறுகளும் ஏரிகளும் படிய விட்ட மணலும் களியும். ஏறக்குறைய 15 கிலோமீற்றர் நீளம், உயர்ந்த இடம் தண்ணியிலிருந்து 90 மீற்றர் மட்டும் வரும். 1793 இலை அப்போதைய துணைநிலை ஆளுநரின்ரை மனைவி எலிசபெத் சிம்கோ உதைப் பாத்து, இங்கிலாந்திலை யோர்க்ஷயர் ஸ்காபரோ ஞாபகம் வந்து பேர் வைச்சவ. எங்கட ஊர்ப்பேர் உந்த மண்சுவராலை வந்தது.

ஏன் இடியுது எண்டு தெரிஞ்சால் ஏன் ஏறக்கூடாது எண்டது தானாய் விளங்கும். மழைத்தண்ணி மேல்மணலாலை நேரை கீழை இறங்கும். களிப்படை வந்தவுடனை அதுக்குக் கீழை போகேலாமல் பக்கவாட்டிலை வெளியை கசியும். கீழை நிண்டு உத்துப் பாத்தால் சுவரின்ரை நடுவிலை ஒரு கறுத்த ஈரக் கோடு தெரியும், அதிலை பச்சைப் புல்லும் முளைச்சிருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலை உள்ள மணல் எல்லாம் ஈரக்களியிலை வழுக்கிக்கொண்டு நிக்குது. பனி உருகிற மார்ச், ஏப்ரலிலை கூட விழும், கோடைமழைக்குப் பிறகும் விழும். விளிம்பிலை புல்லு முளைச்சு உறுதியாய்த் தெரிகிற இடத்திலை, கீழை மண்ணே இல்லாமல் வேர் மட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்கும். செல்ஃபிக்கு வேலி தாண்டுறவை மிதிக்கிறது அதைத்தான்.

கீழையும் கவனம். சுவரடியிலை சேந்திருக்கிற சாம்பல் நிறச் சேறு மேலை காய்ஞ்சு வெடிச்சிருக்கும், காலை வைச்சால் முழங்கால் மட்டும் போகும். இழுக்க இழுக்க இறுகும். 5 வயதுப் பிள்ளைக்கு அது இடுப்பு. சுவரடியிலிருந்து நல்லாய்த் தள்ளி, தண்ணிப் பக்கமாய் நில்லுங்கோ, சுவரோரம் பாய் விரிக்கவே வேண்டாம்.

மேல்மணலிலை வரிசையாய்ச் சின்ன ஓட்டையள் இருக்கும், கைமுட்டியை விடச் சின்னது. அது மண்ணிலை வளை தோண்டிக் கூடு கட்டுற தகைவிலான் குருவி. மே முதல் ஜூலை வரை அதுக்குள்ளை குஞ்சு இருக்கும், தாய்க்குருவி நிமிஷத்துக்கு ஒருக்கா பூச்சியோடை வந்து போகும். தூரக்கண்ணாடி ஒண்டு கொண்டு போங்கோ. அம்மம்மா கதிரையிலை இருந்தபடியே பாக்கலாம், பிள்ளையளுக்கும் எண்ணிப் பாக்க ஒரு வேலை. கல்லெறிஞ்சு மண் உதிர்த்திற பெடியளைக் கண்டால் சொல்லித் தடுங்கோ. ஒரு கை மண் உதிர்ந்தாலே ஒரு வளை மூடுப்படும்.

பிறிம்லிச்சந்தி

மண்படை சொன்னதுக்கு ஒரு சேர்ப்பு. கடற்கரையும் தரிப்பிடமும் புல்லுவெளியும் இயற்கையாய் வந்ததில்லை. 1970களிலை தொடங்கி ஏரிக்குள்ளை மண் கொட்டி உருவாக்கின நிலம். கிழக்குப் பக்கச் சுவர் கரைஞ்ச மணல் மேற்கு நோக்கி வந்து அந்த முனையிலை தட்டி நிண்டதுதான் இப்ப நீங்கள் பாய் விரிக்கப்போற கடற்கரை. அதே மணல்தான் படகுத்துறை வாசலையும் அடைக்கிறது, அதாலை அடிக்கடி தோண்டவேணும். அந்த வாசல் பக்கம், பெரிய கல் அடுக்கின அணைகளிலை பிள்ளையளை ஏறவிடாதேங்கோ. கல்லிலை பாசி, இடையிலை காலிறங்கிற இடைவெளி, பக்கத்திலை படகோட்டம்.

கீரிமலைக்காத்து

சரி, இப்பிடி யோசிச்சிருக்கிறன். ஏழரைக்கு றொசெற்றா தோட்டம், எட்டே முக்காலுக்குக் கீழை. நாலு பெடியள் 175 பஸ்ஸிலை, அதாலை ரண்டு கார்தான். அடுப்பு பதினொண்டரைக்கு மூட்டுறம். பிள்ளையளை உயிர்காப்பாளர் வந்த பிறகு இறக்கிறம். மூண்டரைக்கு வெளிக்கிடுறம். பிழை ஏதும் இருக்கோ?

ஏரிக்கரை

நல்லாயிருக்கு தங்கச்சி. ரண்டு மாற்றம். எட்டே முக்கால் எண்டால் நல்ல வெயில் நாளிலை மட்டுமட்டுத்தான். ரண்டு காரிலை ஒண்டு சாமானோடை எட்டு மணிக்கே கீழை போய் மேசை பிடிக்கட்டும், அம்மம்மாவோடை மற்றக் கார் மட்டும் தோட்டத்துக்குப் போகட்டும். பிந்தினாலும் அடுப்பும் மேசையும் உள்ளை இருக்கும்.

மற்றது சனி இரவு காத்துத் திசையைப் பாருங்கோ. வெள்ளியும் சனியும் மேற்கு, தென்மேற்கு எண்டு இருந்தால் பிள்ளையளுக்கு நீச்சலுடுப்பை விட வாளியும் மண்வெட்டியும்தான் பாவிப்படும். தடிச்ச துவாய் ஆளுக்கு ரண்டு, மாற்றுடுப்பு, ஒரு வெந்நீர்ப் போத்தல் எடுத்து வையுங்கோ. கணுக்கால் மட்டும் இறங்கி வந்தாலே உதடு நீலமாகும், அப்ப உடனை துடைச்சு, ஈர உடுப்பைக் கழட்டி, காஞ்சதைப் போட்டு, அம்மம்மாவின்ரை மடியிலை இருத்துங்கோ.

கரியடுப்பு

பதினொண்டரைக்கு மூட்டினால் முதல் தட்டு பன்னண்டரைக்குத்தான் வரும். பிள்ளையள் அதுவரை தாங்காது. ஏதாவது றோல்ஸும் வாழைப்பழமும் கையிலை வைச்சிருங்கோ. இல்லாட்டி அடுப்பைப் பதினொண்டுக்கே மூட்டுங்கோ. மூட்டேக்கை அடுப்பை மேசைக்குக் காத்துப் போற பக்கத்திலை வையுங்கோ, புகை அம்மம்மா பக்கம் போகாது.